அறுபத்தைந்தில் வரும் நடுக்கம்

வேன் அறுபதைத் தாண்டியதும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவள்போல முகத்தைத் திருப்பி வைத்திருந்தாலும் கோகிலாமணி காங்கயத்தில் ஏறினதிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளங்கால் இரண்டையும் வேனின் தரையில் பதித்து வைத்திருந்தாள். முதலில் காலுக்கடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அப்புறம் முழங்கால். அப்புறம் உட்கார்ந்திருக்கிற சீட்டு. முள் அறுபத்தைந்தைத் தொட்டபோது, பின்னால் வந்துகொண்டிருந்த சிமெண்டு லாரி கண்ணாடியில் கலங்கலாகிவிட்டது, அவளுக்குப் பல்லோடு பல் லேசாகத் தட்டியது. இந்தா வந்துருச்சு. வந்துருச்சு பாரு. வாயத் தொறந்து சொல்லுவானா? மாட்டான். வேனை ஓட்டிக்கொண்டிருந்த ஈசுவரமூர்த்தி, அவள் புருசன் நாச்சிமுத்துவின் கூடப்பிறந்த தம்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். எழுபது, எழுபத்தைந்து, நடுக்கம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது, லாரி மறுபடியும் லாரியாகத் தெரிந்தது. இதுதான் அவளுக்குப் பிடிக்காதது. விருந்தாளி வந்திருக்கும்போது அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிறவளைப் போல, அந்த அறுபத்தைந்தை மட்டும் அவசர அவசரமாகத் தாண்டிவிடுகிறான். கேட்டால், "அறுபத்தஞ்சுல மட்டுந்தானுங்க நங்கை, தாண்டீட்டா ஒண்ணுமில்லீங்க" என்பான். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் அந்தப் பக்கம் கூப்பிடுவது. அவன் வாயில் அது தேனாக வரும். தேன்தான், யார் இல்லையென்றது? உள்ளே என்ன ஓடுகிறது என்று எவன் கண்டான்? அதற்காகத்தான் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவன் பிடரி தெரியும், கண்ணாடியில் அவன் கண் இரண்டும் தெரியும், வேறெதுவும் தேவையில்லை அவளுக்கு. சூலூர் பிரிவில் அவன் கையை நீட்டிக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திருப்பினான். எதுக்குத் திருப்பறான்? பின்னால வர்ற வண்டியப் பாக்கவா, என்னயப் பாக்கவா? இல்ல, நான் அவனப் பாக்கறது தெரியக்கூடாதுன்னா? இடது கண்ணின் இமை படபடவென்று அடித்துக்கொண்டது. புருசன் விழுந்ததிலிருந்து இப்படித்தான். சில நேரம் வண்டி நின்ற பிறகும் அவளுக்கு உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும், வண்டி நடுங்குகிறதா தான் நடுங்குகிறோமா என்று தரையில் கை வைத்துப் பார்ப்பாள். பைத்தியம் என்று நினைப்பான் என்று கையை எடுத்துக்கொள்வாள்.

நாச்சிமுத்து போன ஆவணியில் விழுந்தான். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தை வேன் மேலே ஏற்றிக் கயிறு கட்டும்போது கால் வழுக்கி, மல்லாக்க. முதுகுத்தண்டில் ஆபரேசன் செய்த டாக்டர், எழுந்து நடப்பார், ஆனால் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். தோட்டம் இல்லை, காடு இல்லை, அவர்களுக்கு என்று இருந்தது இந்த ஒரு வேன்தான். கோயிலுக்குப் போகிற கூட்டம், கல்யாணம், காதுகுத்து, இப்படி வாடகைக்கு ஓடித்தான் ஈரோட்டில் மகள் நர்சு படிப்புப் படிக்கிறாள். வேன் நின்றால் எல்லாம் நின்றது. அப்போது வந்தவன்தான் ஈசுவரமூர்த்தி. மாவு மில்லில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, "அண்ணன் வண்டி நிக்கக்கூடாதுங்க நங்கை" என்று சாவியைக் கையில் வாங்கிக்கொண்டான். ஊரே அவனை லட்சுமணன் என்றது. பால் ஊற்ற வருகிறவள் சொன்னாள், மாரியம்மன் கோயில் பூசாரி சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒன்றுவிட்ட அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். கேட்கக் கேட்கக் கோகிலாமணிக்குக் காது எரிந்தது. அவளுடைய அப்பாவுக்கும் ஒரு லட்சுமணன் இருந்தான். தேங்காய்க் களத்தைச் சொந்த மச்சானை நம்பி விட்டுவிட்டு அப்பா மஞ்சக்காமாலையில் படுத்திருந்தார். எழுந்து வந்தபோது களத்தில் வேறு ஆள் உட்கார்ந்து கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்தான். அந்த மாமனும் அப்படித்தான், வாயைத் திறந்தால் தேன். அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை, நல்லவனாகவே செத்தார். நானும் அப்படிச் சாகோணுமா? மாட்டேன். நான் கேப்பேன். கேக்கறதுக்கு முன்னால பாத்துக்குவேன், எல்லாத்தையும் பாத்துக்குவேன். அதனால் அவள் பார்த்தாள். பெயிண்ட் அடித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்சி முடித்து நல்லபடியாக வந்த வண்டியை ஈசுவரமூர்த்தி மைசூருக்கு டூர் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது பஞ்சு மாதிரி போன வண்டி, திரும்பி வரும்போது நடுங்கிக்கொண்டு வந்தது. போகும்போது பஞ்சு மாதிரி போனது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். எங்கேயோ இடித்திருக்கிறான், எதன் மேலேயோ ஏற்றியிருக்கிறான், மறைக்கிறான். முதலில் டயர் என்றான். வீல் பேலன்ஸ் பார்த்தார்கள், போகவில்லை. முன்டயரைப் பின்னால் போட்டார்கள், போகவில்லை. நடுவில் ஒரு பேரிங் இருக்கிறதாம், அதை மாற்றினான், அப்படியும் அறுபத்தைந்தில் பல் தட்டியது. ஒவ்வொரு தடவையும் அவன் அடியிலிருந்து எழுந்து வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வேற என்னமோ இருக்குதுங்க" என்று சொல்லும்போது அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னமோ இருக்குதுங்க! உனக்குத் தெரியாமலா? அப்புறந்தான் வண்டி வாங்கி விற்கிற தாராபுரம் புரோக்கர் ஒருத்தன் வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் வேனின் முகப்பைத் தட்டித் தட்டி அவன் பேச, ஈசுவரமூர்த்தி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதை மாவு அரைக்கப் போன கோகிலாமணி பார்த்தாள். அன்றைக்குச் சாயந்தரமே வீட்டு வாசலில் நின்று, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவன் மாதிரி, "பேசாம வண்டிய வெலைக்குக் குடுத்தர்லாமுங்க நங்கை" என்கிறான். அடேயப்பா. இருக்கிற வண்டியைச் சீக்காளியாக்கி, சீக்கு வண்டி என்று பேர் வாங்கிக் கொடுத்து, புரோக்கரை விட்டு அடிமட்டத்துக்குப் பேசி, கடைசியில் பார்த்தால் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கும்? அவளுக்குத் தெரியாதா? "காபி குடிச்சுட்டுப் போ தம்பி" என்றாள். அந்தக் காபியை அவன் குடித்த மாதிரியும் நினைவிருக்கிறது, குடிக்காமல் வைத்துவிட்டுப் போன மாதிரியும் நினைவிருக்கிறது. அவன் பெண்டாட்டி மறுநாள் கடையில் பார்த்துச் சிரித்தாளே, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என்ன சிரிப்பு அது, காலங்காத்தால?

சிங்காநல்லூர் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது பட்டறை. நேற்றுத்தான் சொன்னான், கோயமுத்தூரில் ஒருவர் புரப்பலர் ஷாஃப்ட்டைக் கழற்றிச் சுத்தவிட்டுப் பார்ப்பார், அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று. நானும் வருகிறேன் என்று சொன்னதும் அவன் முகத்தில் ஒரு கணம் என்னவோ போய் வந்தது. அது என்னவென்று ராத்திரியிலிருந்து யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. பயமா? எரிச்சலா? சந்தோசம் என்றுகூட ஒரு தடவை தோன்றியது, சந்தோசப்பட என்ன இருக்கிறது, சீ. இப்போது அந்த ஷாஃப்ட்டு கண் முன்னால் கிடந்தது. பட்டறை ஆட்கள் அடியில் படுத்து நாலைந்து போல்ட்டைக் கழற்றி அதை இழுத்து வெளியே போட்டபோது, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய், இரண்டு முனையிலும் மடங்கித் திரும்புகிற முட்டி, அவ்வளவுதான். இஞ்சினில் பிறக்கிற சுத்தலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான் என்று பட்டறைக்காரர் தேவசகாயம் சொன்னார். இத்தனை வருசமும் கால் கட்டைவிரலுக்கு இரண்டு சாண் கீழே இது இந்த வேகத்தில் சுத்திக்கொண்டிருந்திருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு மகளுக்குத் தலை பின்னியிருக்கிறாள், புளிச்சாதம் சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். தேவசகாயம் பருத்த மனிதர், வாயில் பாக்கு, பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் எதையாவது தேடிக்கொண்டே பேசுகிற ஆள். ஷாஃப்ட்டைத் தூக்கி மிசினில் இரண்டு பக்கமும் மாட்டி, "அக்கா, சீலையப் புடிச்சுக்கிட்டு அக்கட்டால தள்ளி உக்காருங்க" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் வாசலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள், ஏனென்றால் ஈசுவரமூர்த்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தான். வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு! மிசின் ஓட ஆரம்பித்தது, குழாய் சுத்தச் சுத்த ஒரு ரீங்காரம், ரீங்காரம் ஏறி ஊளையானது, அவன் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை, வாய் அசைவதுகூடத் தெரியவில்லை, இடது கையை மட்டும் மடக்கி நீட்டி என்னவோ உறுதி சொல்கிறான். "ஆமாங்க" என்று சொல்கிற கை அது. யாரிடம் ஆமாங்க? தாராபுரத்தானிடமா? இன்னிக்கே முடிச்சர்லாமுங்க, வண்டி இங்கதான் நிக்குது, கெழவியும் கூட வந்திருக்கறா என்கிறானோ. என்னைக் கெழவின்னா சொல்லுவான்? சொல்லுவான், ஏன் சொல்ல மாட்டான். அதுக்குத்தான் என்னயக் கூட்டியாந்தானா, கையெழுத்து வாங்கவா? இல்ல, நான்தான் வர்றேன்னேன். நான் வர்றேன்னு சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியும். அப்படிச் சொல்ல வெச்சான். ஊளை பற்களுக்குள் புகுந்தது. சுத்துகிற குழாய் ஒரு முனையில் தன் அளவுக்கு மீறிப் பருத்துத் தெரிந்தது, கண்ணுக்குப் பிடிபடாமல் ஆடியது, அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பிடியிலிருந்து தெறித்துத் தன்மேல் வந்து விழுந்தால் என்ன என்று தோன்றி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். விழட்டும் என்றுதான் இங்கே உட்கார வைத்தானோ? உட்காரச் சொன்னது பட்டறைக்காரர் என்பது அப்புறந்தான் ஞாபகம் வந்தது.

மிசின் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் தெருவில் யாரோ வெங்காயம் விற்கிற சத்தம் கேட்டது. தேவசகாயம் குழாயைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் தடவினார். எமரித்தாளை எடுத்துப் புதுக் கறுப்புப் பெயிண்டைத் தேய்த்தார். தபால்தலை அளவுக்கு ஒரு தழும்பு, பழைய வெல்டிங் வைத்த இரண்டு பொட்டு, பளபளவென்று வெளியே வந்தது. "இங்க இருந்த தகட எவன்யா தட்டுனது?" என்றார். ஒருத்தரையும் பார்க்காமல்தான் கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன தகடுங்?" என்று கேட்டாள். "பைப்பு சுத்தறப்ப ஏதாவது ஒரு பக்கம் துளியூண்டு கனம் கூடும்க்கா. அதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தகட வெச்சுப் பத்தவெச்சு, சமன் பண்ணித்தான் கம்பெனிலயே அனுப்பறான். மொள்ளமாப் போனாத் தெரியாது. அறுபது எழுபதுல பேயாட்டம் போடும். அந்தத் தகட எவனோ உளி வெச்சுத் தட்டீட்டு மேல பெயிண்டும் அடிச்சுருக்கான், நல்லா மொழுமொழுன்னு." பேசிக்கொண்டே தலையைத் தூக்கினார். ஈசுவரமூர்த்தி போனைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவன் தழும்பைப் பார்த்தான், அப்புறம் சிமெண்டுத் தரையைப் பார்த்தான். "நாந்தானுங்க" என்றான். "எஃப்சிக்கு அடிப்பக்கம் சொரண்டறப்ப, ஏதோ ஒட்டுப் போட்ட தகடாட்ட இருந்துச்சு. அசிங்கமா இருக்குதேன்னு தட்டீட்டனுங்க." தேவசகாயம் பாக்கை வெளியே துப்பிவிட்டு வந்தார். "ஏய்யா, மொகத்துல மச்சம் இருக்குதுன்னு மூக்க அறுத்துட்டு வந்து நிக்கறயே. டிரைவர்னு வேற சொல்லிக்கற! இந்த ஆடு ஆடுனா ஷாஃப்ட்டு கழண்டு ரோட்டுல குத்தி வண்டி குட்டிக்கரணம் போட்டிருக்கும். உள்ள ஆளு இருந்தா என்ன ஆவறது, சொல்லு?" ஈசுவரமூர்த்தி, "தப்புத்தானுங்க" என்றான். திட்டு வாங்குகிற பள்ளிக்கூடத்துப் பையன்மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தேவசகாயம் இன்னும் இரண்டு வார்த்தை வைதுவிட்டு ஒரு டப்பாவுக்குள் கையைவிட்டுத் தகடு தேட ஆரம்பித்தார்.

கோகிலாமணியின் கைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. வலது உள்ளங்கையின் மேட்டில், சுத்தியல் பிடி அழுத்தின இடத்தில், ஒரு சூடு பரவியது. பெயிண்டர் வருவதற்கு முதல்நாள். அடிப்பக்கம் சுரண்டுவது என் வேலை இல்லை, சுரண்டி வைத்தால் அடித்துக் கொடுப்பேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். உள்ளே கட்டிலில் கிடந்த நாச்சிமுத்து, நான் நல்லா இருந்தா ஒருத்தனைக் கேப்பனா என்று சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். நான் செய்யறேன், கத்தாதீங்க, என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜாக்கி வைத்து நிறுத்தியிருந்த வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்து ஊர்ந்துபோனாள். என்ன மண், என்ன கிரீஸ், கண்ணில் விழுந்து எரிந்தது, ஆனாலும் அதில் ஒரு வெறி வந்துவிட்டது அவளுக்கு. புருசன் விழுந்ததிலிருந்து எதையெதையோ சுரண்ட முடியாமல் கிடந்த கை. அந்தக் குழாயைத் துடைத்துக்கொண்டே வந்தபோது சின்னதாக ஒரு தகடு, எவனோ அரைகுறையாக ஒட்டுப்போட்டுவிட்டுப் போன மாதிரி, ஓரத்தில் மண் அடைந்து, அவளுக்கு அதைப் பார்க்கவே ஆகவில்லை. உளியை வைத்து ஒரே போடு, இரண்டு போடு. காதோரமாக ணங்கென்று விழுந்தது. மண்ணோடு அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினாள். சாயந்தரம் நாச்சிமுத்து கைத்தடியை ஊன்றி வாசல்வரைக்கும் வந்து, குனிய முடியாமல் குனிந்து பார்த்துவிட்டு, "கண்ணாடியாட்டப் பண்ணி வெச்சிருக்கறயே" என்றான். ஆபரேசனுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதை அவள் எத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள். அன்றைக்கு ஈசுவரமூர்த்தி எங்கே இருந்தான்? இருந்தான். சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அடியில் கிடந்தபோது அந்தப் பக்கம் இரண்டு ஈரக் கால் தெரிந்தது. அப்போ பாத்திருக்கான். பாத்துட்டா இத்தன நாள் சும்மா இருந்தான்? டயர மாத்துனான், பேரிங்க மாத்துனான், எல்லாந் தெரிஞ்சே! இப்ப எதுக்கு நாந்தான்னு சொல்றான்? என்னயக் காப்பாத்தறானாம். இனி ஆயுசுக்கும் நான் அவங்கிட்டத் தலை குனிஞ்சு நிக்கோணும், அதுக்கு. அண்ணங்கிட்டச் சொல்லட்டுமான்னு ஒரு நாள் கேப்பான். அன்னிக்குக் கையெழுத்துப் போடுவேன். இப்படி ஓடின நினைப்பு ஓர் இடத்தில் காலை இழுத்துக்கொண்டு நின்றது. அந்த ஈரக் கால்களுக்கு மேலே இருந்த முகத்தை அவளால் எப்படி யோசித்தும் கெட்டதாகக் கொண்டுவர முடியவில்லை. முயற்சி செய்தாள், சத்தியமாக முயற்சி செய்தாள். வெல்டிங் பொறி பறந்தபோது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லித் தேவசகாயம் கத்தினார். மூடிக்கொண்டாள். மறுபடி மிசின் ஓடியது. இந்தத் தடவை ஊளை இல்லை, மாவு மிசின் காலியாக ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அதே சீட்டில்தான் உட்கார்ந்தாள், வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. சூலூர் தாண்டினதும் ரோடு காலியாகக் கிடந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. உள்ளங்காலைப் பதித்து வைத்துக்கொண்டாள். அறுபத்தைந்தில் அவன் அழுத்தவும் இல்லை, தளர்த்தவும் இல்லை, வேண்டுமென்றே அதிலேயே ஓட்டினான். ஒன்றும் வரவில்லை. தரை தரையாக இருந்தது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் போர்டு ஆடாமல் தெரிந்தது. நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும்; வந்தது என்னவோ மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்து ஏமாந்த மாதிரி ஒரு திடுக்கிடல். வண்டி அடங்கிவிட்டது, இடது கண் இமை மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. யாருகிட்டடா பேசிக்கிட்டிருந்தே? கேட்டுவிடலாம். அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டு சாகக்கூடாது. "போன்ல யாரு தம்பி, அவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். ஈசுவரமூர்த்தி முன்னால் போன தேங்காய் நார் வண்டியை ஏறிக் கடந்தான். "பெருந்துறையில ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு ஆளு கேட்டாங்க நங்கை. ஒண்ணாந்தேதி வந்து சேந்தர்றேன்னு சொல்லீட்டிருந்தனுங்க" என்றான். பாத்தியா, நாந்தான் சொன்னனே, இவன் என்னமோ பண்றான்னு, என்று அவளுக்குள்ளே ஒருத்தி துள்ளிக் குதித்தாள். குதித்தவள் அந்தரத்திலேயே நின்றாள். போகிறானா? வண்டியை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறவன் வண்டியை விட்டுவிட்டுப் போவானா? "அப்ப நம்ம வண்டி?" "அதானுங்க. நான் போயிட்டா ஓட்ட ஆளு வேணும், ஆளுப் போட்டா உங்களுக்குக் கட்டுபடியாகாது. அதுக்குத்தான் குடுத்தர்லாமுங்கன்னு அன்னிக்குச் சொன்னேன். தாராபுரத்தான் நடுக்கத்தக் காட்டி மட்டமாக் கேட்டான், முடியாதுன்னுட்டேன். நடுக்கத்தோட உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. சரி பண்ணிக் குடுத்துட்டேன், இனி வெச்சுக்கறதுன்னாலும் குடுக்கறதுன்னாலும் உங்க இஷ்டமுங்க."

பல்லடம் வந்தது, சிக்னலில் நின்றார்கள், கோழித்தீவன மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. கோகிலாமணி அவன் பிடரியைப் பார்த்தாள். நேற்றுவரைக்கும் பார்த்த அதே பிடரிதான், கொஞ்சம் நரை, காலர் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. மாசக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தத் தேய்ந்த காலர் இப்போதுதான் தெரிகிறது. இவன் போனால் நாளைக்கு யார் சாவியை எடுப்பார்கள்? கட்டிலில் கிடக்கிறவனிடம் என்ன சொல்வது? போகாதே என்று சொல்லவேண்டும், சும்மா மூன்றெழுத்து நாலெழுத்து, ஆனால் வேறு என்னவோதான் வந்தது. "ஏந் தம்பி போற?" என்றாள். சிக்னல் விழுந்தது. வண்டியை நகர்த்திக்கொண்டே, கோபமில்லாமல், வலிக்கிற பல்லைப் பற்றிச் சொல்கிறவன்மாதிரி அவன் சொன்னான்: "பொறகால நீங்க உக்காந்து பாத்துக்கிட்டே வர்றீங்க. முதுகு கூசுதுங்க நங்கை. எத்தன நாளைக்கு ஓட்டறது?" அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எங்கேயாவது இறங்கிவிடலாம் போல இருந்தது. புத்தி வேறு வாசல் தேடியது. "அந்தத் தகட்ட நீ தட்டுனேன்னு எதுக்குச் சொன்னே?" "பின்ன? நீங்க தட்டுனீங்கன்னு அந்தாளு முன்னால சொல்லோணுங்களா?" "தெரிஞ்சேதான் இத்தன நாளு இருந்தயா?" "அன்னிக்கு நீங்க சொரண்டறதப் பாத்தேன். அதுல இத்தன இருக்குதுன்னு எனக்கெங்கீங்க தெரியும்? டயரு பேரிங்குன்னு எல்லாம் பாத்துட்டு, போன வாரம் அடியில படுத்துத் தடவறப்பத்தான் தழும்பு கையில தட்டுச்சு. அப்பறந்தான் இந்தப் பட்டறைய விசாரிச்சேன்." அவள் முன்னால் குனிந்து அவன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டயாச்சும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல, ஈசுவரா?" அவளை அறியாமல் பேர் வந்துவிட்டது. அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இத்தனை மாசத்தில் அவன் அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்ளா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் இவன் ஒருவேளை இருந்துவிடுவான். நல்லவன், சின்னச் சொல்லுக்கு இளகுகிறவன், ஊரில் சொல்வது பொய்யில்லை. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள், அவன் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று, போன வாரத்து முற்றம் கண்ணுக்குள் வந்து நின்றது: கிரீஸ் அப்பின கையோடு அவன் வந்து, நங்கை, நீங்க தட்டுன தகடுதானுங்க எல்லாத்துக்கும் காரணம் என்கிறான், அவள் அங்கேயே நிற்கிறாள், அவன் முகத்தையே பார்க்கிறாள். பார்த்துவிட்டு நேராக உள்ளே போகிறாள். கட்டிலின் தலைமாட்டில் குனிகிறாள். பாத்தீங்களா, உங்க தம்பி பண்றதயும் பண்ணிப்போட்டு எந்தலையில கட்டறான் என்கிறாள், அழுகிறாள், மூக்கைச் சிந்துகிறாள், நாச்சிமுத்து சுவரைப் பார்த்துக் கத்துகிறான். ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அவ்வளவும் கேட்டது அவளுக்கு. காங்கயம் ரோட்டில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

"அதானுங்க" என்றான் ஈசுவரமூர்த்தி.